அரச ஆனந்தம்

சின்னராசாவின் வயிறு அரசாங்கத்துக்குச் சொந்தமானது என்ற செய்தி, அவருடைய சிநேகிதர் கலீலுர் றஹ்மான் இரண்டாந்தடவையாக ஆஸ்பத்திரியில் படுத்திருந்த காலத்தில்தான் சின்னராசாவுக்கே தெரியவந்தது. அதுவரை அதைத் தன்னுடையது என்றே எண்ணி, விரும்பியதைத் தின்று, விரும்பிய நேரத்தில் காலியாக்கி, ஒரு குறையுமில்லாமல் சீவித்து வந்திருந்தார்.

இருவரும் உட்துறைமுகத்தை ஒட்டிய வீதியில் படகு இயந்திரம் திருத்தும் கடையொன்றைச் சேர்ந்து நடத்தினார்கள். சின்னராசா சாம்பல்தீவிலிருந்து சைக்கிளில் வருவார். கலீல் குறிஞ்சாக்கேணியிலிருந்து பஸ்ஸில் வருவார். பிந்தி வருகிறவர் பால் விடாத பிளேன்டீ வாங்க வேண்டும் என்பது ஒப்பந்தம். பஸ்ஸை நம்பியவர் என்பதால் பெரும்பாலும் கலீல்தான் வாங்கினார். இப்படியே தலை நரைத்துவிட்டது.

ஒருநாள் சோதித்துக்கொண்டிருந்த இயந்திரத்தின் விசிறி கலீலின் காலைக் கிழித்தது. புண் சீழ்பிடித்தது. பலமான அன்டிபயோட்டிக் மருந்துகளை மாறிமாறி ஏற்றினார்கள். கால் தப்பியது. வீட்டுக்குப் போய் ஒரு கிழமையில் வயிற்றால் போகத் தொடங்கியது, நிற்கவில்லை. திரும்பவும் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். மருந்து கொடுத்தால் அடங்கும், நிறுத்தினால் இரத்தத்தோடு திரும்பி வரும். இயந்திரங்களைத் தனியொருவனாகத் தூக்கிய மனுசன், கட்டிலிலிருந்து இறங்க மனைவி றம்லாவின் தோளைப் பிடிக்க வேண்டியதாயிற்று.

வார்ட்டுக்குப் பொறுப்பாயிருந்த டொக்டர் நப்லா வயதில் சின்னவர். விளங்கும்படி கதைக்கத் தெரிந்தவர்.

“காலில இருந்த கிருமியைக் கொல்லக் குடுத்த மருந்து, குடல்ல இருந்த நல்ல பற்றீரியாக்களையும் சாகடிச்சிட்டுது. அந்த வெறும் இடத்தில கெட்டது ஒண்டு குடியேறி இருக்கு. நல்லதுகளில ஒரு இனம் இருக்கு, அதுதான் குடல் சுவருக்குச் சாப்பாடு ஆக்கிக் குடுக்கிறது, வீக்கம் வராமப் பாக்கிறது. இவருக்கு அது துப்புரவா இல்லை. சுவர் பட்டினி கிடக்குது.”

“அதுக்கு மருந்து இரிக்கா டொக்டர்?” என்று றம்லா கேட்டார்.

“கடையில இல்லை. சுகமான ஒருத்தரிட குடல்ல இருக்கு. அவரிட மலத்தை எடுத்துச் சுத்தப்படுத்தி, குழாயால இவரிட குடலுக்குள்ள விடவேணும். வெளிநாடுகளில செய்யிறாங்கள், நல்லா வேலை செய்யுது.”

றம்லா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். மகன்மார் கட்டாரில். மகள் பிள்ளைத்தாய்ச்சி. றம்லா சீனி வியாதிக்காரி. சின்னராசா கட்டில் சட்டத்தில் கையை ஊன்றிக்கொண்டு, “என்னட்டை எடுங்கோ டொக்டர்” என்றார்.

கலீல் கண்ணைத் திறந்தார். “மச்சான், இவ என்ன சொல்றா எண்டு உனக்கு விளங்குதா? உன்ட பீயை எனக்குள்ள விடப் போறாவாம்.”

“இவ்வளவு காலமும் என்ர தலையில மிளகாய் அரைச்சனீ. இனி இதையும் வைச்சுக்கொள்.”

கலீல் சிரிக்கப் பார்த்தார். சிரித்தால் வயிறு இறங்கிவிடும் என்று பயந்து நிறுத்திக்கொண்டார்.

றம்லா மௌலவிக்குப் போன் எடுத்துக் கேட்டார். உயிரைக் காக்கிற வைத்தியம் என்றால் டொக்டர் சொன்னபடி செய்யுங்கள், துஆ கேட்கிறேன் என்று அவர் சொல்லிவிட்டார். இந்த விவகாரம் முழுவதிலும் ஒரே மூச்சில் கிடைத்த தீர்மானம் அது ஒன்றுதான்.

சின்னராசாவின் மலம் சோதனைக்காகக் கொழும்புக்குப் போனது. ரிப்போட் வந்தபோது டொக்டர் நப்லாவுக்கே ஆச்சரியம். அந்த நல்ல பற்றீரியா, வேண்டிய அளவையும் தாண்டி நெருக்கியடித்து இருந்தது. “இப்பிடி ஒரு குடலைப் புத்தகத்திலதான் பாத்திருக்கிறன்” என்றார். சின்னராசாவின் மனைவி குணேஸ்வரி, “குரக்கன் பிட்டும் முருங்கையிலையும் அவிச்சுக் குடுத்தது ஆராம்?” என்று சொல்லிப் பெருமைப்பட்டார். அந்தப் பெருமை இரண்டு நாள் கூட நீடிக்கவில்லை. ரிப்போட்டின் பிரதியொன்று சட்டப்படி நுண்ணுயிர் வளப் பணியகத்துக்கும் போயிருந்தது.

பணியகம் துறைமுகத்தைப் பார்த்தபடி கட்டப்பட்ட மூன்று மாடிக் கட்டடம். குளிரூட்டிக் காற்று வெளியே போய்விடும் என்பதால் துறைமுகப் பக்கத்துத் திரைச்சீலைகள் எப்போதும் இழுத்து மூடப்பட்டிருக்கும். திறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. ஊழியர்கள், வாகனங்கள், இலச்சினை, கீதம் எல்லாம் இருந்தன. நுண்ணுயிர் மட்டும் ஒன்றுகூட இருக்கவில்லை. ஆகவே சின்னராசாவின் ரிப்போட் வந்த அன்று அங்கே பால்சோறு பொங்கிக் கொண்டாடினார்கள்.

பணியகத்தின் பணிப்பாளர் சின்னராசாவைக் கூப்பிட்டெடுத்துக் கதிரையில் இருத்தி, ஒரு தட்டில் பால்சோறும் வைத்து, விளக்கினார்.

“மிஸ்டர் சின்னராசா, இந்த நாட்டு மண்ணில, கடல்ல, காட்டில உள்ள உயிர் வளமெல்லாம் மக்களுக்குச் சொந்தம். மக்களுக்குச் சொந்தமெண்டால் அரசாங்கத்துக்குச் சொந்தம். அரசாங்கத்துக்குச் சொந்தமெண்டால் இந்தப் பணியகத்துக்குச் சொந்தம். உங்கட வயிறு அந்த வளம் தங்கியிருக்கிற இடம், அவ்வளவுதான். இவ்வளவு காலமும் நீங்கள் அதை வாடகையில்லாமல் வைச்சிருந்ததை நாங்கள் பெரிசாக எடுக்கேல்லை.”

“சேர், எனக்கு அது வேண்டாம். என்ர சிநேகிதனுக்குக் கொஞ்சம் குடுத்திட்டன் எண்டால் காணும். அவன் செத்துக்கொண்டிருக்கிறான்.”

“கவலையான விசயம். ஆனால் நோயாளிகள் வேற திணைக்களம். நாங்கள் நுண்ணுயிர்கள் மாத்திரம்தான்.” பணிப்பாளர் சுவரிலிருந்த வரைபடத்தைக் காட்டினார். “நீங்கள் ‘பட்டினமும் சூழலும்’ எண்ட பிரதேச செயலகப் பிரிவு. அவர் கிண்ணியாப் பிரிவு. ஒரு பிரிவில இருந்து இன்னொரு பிரிவுக்கு மணல் ஏத்துறதுக்கே அனுமதி வேணும். இது உயிர்.”

“அவன் இப்ப பட்டினத்து ஆஸ்பத்திரியிலதானே சேர் கிடக்கிறான்.”

“ஆள் கிடக்கிறது இங்க. குடல் பதிவு அங்க.”

சின்னராசா பால்சோற்றைத் தொடாமல் எழும்பினார். “நாங்கள் இருக்கிறது பாதுகாக்கிறதுக்கு” என்று பணிப்பாளர் பின்னாலிருந்து சொன்னார். “எல்லாரும் பாவிக்கத் தொடங்கினால் பிறகு எதைப் பாதுகாக்கிறது?”

அடுத்த நாள் சாம்பல்தீவில் ஒரு வாகனம் வந்து நின்றது. சின்னராசா வீட்டுக் கக்கூஸ் கதவில் மூன்று மொழியில் ஒரு பலகை அடித்தார்கள். அரசாங்கச் சொத்து என்ற கருத்தில் ‘அரச ஆதனம்’ என்று எழுதியிருக்க வேண்டிய இடத்தில், தமிழில் ‘அரச ஆனந்தம்’ என்று எழுதியிருந்தது. அதன் கீழே, சேதப்படுத்துவோர் தண்டிக்கப்படுவர். குணேஸ்வரி பிழையைச் சுட்டிக் காட்டினார். தமிழில் பிழை இல்லாத பலகைக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும் என்று வந்தவர்கள் சொன்னார்கள்.

கக்கூஸ் வாசலில் காவலுக்கு ஒருவரையும் விட்டுச் சென்றார்கள். நுஸ்கி என்று பெயர், மூதூர்ப் பொடியன். ஒவ்வொரு காலையும் சின்னராசா உள்ளே போய் வந்ததும், அவர் தரும் போத்தலை வாங்கி முத்திரை வைப்பது அவன் வேலை. முதல் கிழமை முழுக்க அவன் சின்னராசாவின் முகத்தைப் பார்க்கவில்லை. “கோவிக்காதீங்க அண்ண, எனக்கும் ரெண்டு பிள்ளையள் இரிக்கு” என்றான். குணேஸ்வரி அவனுக்கு வேப்பமர நிழலில் கதிரை போட்டுத் தேத்தண்ணி கொடுத்தார். கடைக்குப் போகிற சனம் வாசலில் சைக்கிளை நிறுத்தி, இன்றைக்கு அரசாங்கம் போனதா என்று விசாரிக்கத் தொடங்கியது.

போத்தல்கள் பணியகத்துக்குப் போயின. அங்கே அவற்றை வைப்பதற்கென்று நல்ல ஆழ்குளிர்ப் பெட்டி ஒன்று அன்பளிப்பாக வந்திருந்தது. ஆனால் அதைத் திறந்து வைக்க வேண்டியவர் அமைச்சர். அவர் வரும்வரைக்கும் அதைச் சுற்றிச் சிவப்பு நாடா கட்டியிருந்தது. ஆகவே போத்தல்களைப் பெட்டியின் மேலே அடுக்கினார்கள். காற்றுப் பட்டாலே இந்தப் பற்றீரியா செத்துவிடும் என்று டொக்டர் நப்லா எழுதி அனுப்பினார். ‘ஆலோசனைக்கு நன்றி’ என்று பதில் வந்தது. மூன்றாம் மாடிக்கு யாரும் மூக்கைப் பொத்தாமல் ஏற முடியாமற் போனது. சிற்றூழியர்களுக்கு அதற்கென ஒரு கொடுப்பனவும் கிடைத்தது.

சின்னராசா அனுமதிக்காக நடையாய் நடந்தார். கிராம சேவையாளர், பொலிஸ், இரண்டு பிரதேச செயலகங்கள், எல்லாரும் கையெழுத்து வைத்துவிட்டார்கள். கடைசியில் விசயம் பெயரில் வந்து தட்டுப்பட்டது.

“பெரிய சிக்கல்” என்றார் பணிப்பாளர். “இதிட விஞ்ஞானப் பெயர் பீக்கலிபக்டீரியம். தமிழில எழுதினால் முதல் எழுத்தே பீ. அமைச்சர் கையெழுத்து வைக்கிற ஒரு ஆவணத்தில அப்பிடித் தொடங்க ஏலுமோ? அதுக்கு ஒரு நல்ல தமிழ்ப் பெயர் காண்பதற்குக் குழு போட்டிருக்கிறம்.”

குழு மூன்றுதரம் கூடியது. ‘குடற்காவலி’ என்றார்கள், சைவ உறுப்பினர் அது தெய்வத்தின் பெயர்போல ஒலிக்கிறது என்றார். ‘நற்கழிவினி’ என்றார்கள், கழிவு என்ற சொல் நகரசபைக்கு உரியது என்றார் இன்னொருவர். மூன்று மொழியிலும் ஒரேநேரத்தில் பெயர் தீர்மானமாகி அரசாங்க வர்த்தமானிப் பத்திரிகையில் வரும்வரைக்கும் அப்படி ஒரு உயிர் சட்டப்படி இல்லை. இல்லாத ஒன்றை இடம் மாற்ற அனுமதி கொடுக்க முடியாது.

“சட்டப்படி இல்லாதது எப்பிடி சேர் அரச ஆதனமாகும்?” என்று சின்னராசா கேட்டார்.

பணிப்பாளர் அவரை இரக்கத்தோடு பார்த்தார். “ஆதனம் வேற பிரிவு. பெயர் வேற பிரிவு. நீங்கள் ரெண்டையும் குழப்புறீங்கள்.”

பெயர் தேடிக்கொண்டிருந்த காலத்தில் கலீல் பாதியாகிவிட்டார். ஆஸ்பத்திரித் துணிகள் போதாமல் றம்லா வீட்டுச் சாரங்களைக் கிழித்துக் கொண்டுவந்தார், அவற்றைத் தானே கழுவினார். ஒரு பின்னேரம் சின்னராசா தனியே இருக்கையில் கலீல் சுவர்ப் பக்கம் திரும்பியபடி சொன்னார்.

“மச்சான், சாவு வந்தா வரட்டும். இவள் என்ட துணியைக் கழுவுறதைப் பாத்துக்கொண்டு கிடக்க ஏலாம இரிக்கு. எனக்கு வெக்கமா இரிக்கு.”

சின்னராசா தன் வயிற்றில் கையை வைத்துப் பார்த்தார். அது வழமைபோலச் சுகமாக இருந்தது. முதன்முதலாக அது அவருக்கு அருவருப்பாக இருந்தது.

அன்றே டொக்டர் நப்லாவிடம் போனார். டொக்டரும் அதையே நினைத்திருந்தார். “பணியகத்தை விடுங்கோ. நாளைக்குக் காலமை கொண்டுவாங்கோ, வர்றது வரட்டும், நான் செய்யிறன்.”

காலையில் நுஸ்கி கதிரையை விட்டு எழும்பினான். “அண்ண, எனக்குத் தலையிடி. சந்தி மட்டும் போய் ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு வாறன். மெதுவாத்தான் வருவன்” என்றான். சின்னராசா அன்றைய போத்தலை டொக்டர் தந்த பெட்டிக்குள் வைத்து, மடியில் ஏந்திக்கொண்டு ஓட்டோவில் ஏறினார். ஆஸ்பத்திரி வாசலில் பணியகத்தின் வாகனம் நின்றது. வழமையான போத்தல் வராததால் அலுவலகத்தில் அபாயமணி அடித்திருக்கிறது. அரச வளத்தைக் கடத்தியதற்கான சான்று என்று பெட்டியைப் பறித்து முத்திரை வைத்தார்கள். வார்ட்டு ஐம்பது மீற்றர் தூரத்தில் இருந்தது. டொக்டர் நப்லா வெள்ளைக் கோட்டோடு படியிறங்கி ஓடிவந்து சண்டை பிடித்தார். வழக்குப் போடவென்று அவருடைய பெயரையும் எழுதிக்கொண்டு போனார்கள்.

இரண்டு நாளில் பணிப்பாளரே சாம்பல்தீவுக்கு வந்தார். முகத்தில் சந்தோசம்.

“எல்லாம் நல்லதுக்குத்தான். அமைச்சர் நேரடியாகத் தலையிட்டிருக்கிறார். ஆழ்குளிர்ப் பெட்டி திறக்கிற விழாவில, மேடையில வைச்சு, அவர் கையாலேயே அனுமதியும் முதல் குடுவையும் உங்கட சிநேகிதருக்குக் குடுப்பார். ஒரு தமிழரிட வயித்தில இருந்து முஸ்லிம் ஒருவரிட வயித்துக்கு. இதைவிட நல்லிணக்கம் வேற என்ன இருக்கு? பெயர்க் குழுவையும் கலைச்சிட்டம். இனி அதுக்குப் பெயர் நல்லிணக்கினி.”

விழாவுக்கு முதல்நாள் இரண்டு பேர் வந்தார்கள். அமைச்சருக்குக் கை எட்டும் தூரத்தில் நிற்கப்போகிறவர்கள் கிருமித் தொற்று இல்லாதவர்களாக இருக்க வேண்டும், அது பாதுகாப்பு நெறிமுறை என்று சொல்லி, மாத்திரைப் பட்டை ஒன்றைக் கொடுத்து, முன்னால் நின்று விழுங்க வைத்தார்கள். இது என்ன மாத்திரை என்று குணேஸ்வரி கேட்டார். அன்டிபயோட்டிக், பலமானது, எல்லாத்தையும் கொல்லும் என்றார்கள். சின்னராசா வாய்க்குள் கிடந்ததைத் துப்பப் பார்த்தார். ஒருவன் நாடியை நிமிர்த்திப் பிடித்து வாயில் தண்ணீர் ஊற்றினான்.

அமைச்சர் அன்று வரவில்லை. தள்ளிவைத்த திகதிக்கு முதல்நாள் மீண்டும் வந்து மீண்டும் விழுங்க வைத்தார்கள். அதற்கும் அமைச்சர் வரவில்லை. மூன்றாந்தடவை விழுங்கியபோது, பிறந்த நாள்தொட்டு வயிற்றால் ஒரு தொந்தரவும் கண்டறியாத சின்னராசாவுக்கு வயிற்றால் போகத் தொடங்கியது. டொக்டர் நப்லா சோதித்துப் பார்த்தார். ரிப்போட்டை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு யன்னலைப் பார்த்தபடி நின்றார். அதில் அந்தப் பற்றீரியா ஒன்றுகூட இல்லை.

அந்தக் கிழமையே கலீலின் குடல் வீங்கி ஓட்டை விழும் நிலைக்கு வந்தது. உயிரைக் காப்பாற்ற வேறு வழியிருக்கவில்லை. பெருங்குடல் முழுவதையும் வெட்டி எடுத்தார்கள். வயிற்றின் வலப்பக்கத்தில் ஒரு துளை வைத்து அதில் பையொன்றைப் பொருத்தினார்கள். கலீல் பிழைத்தார். மயக்கம் தெளிந்து பையைத் தடவிப் பார்த்தவர், போர்வையை நெஞ்சுவரை இழுத்து மூடிக்கொண்டார். டொக்டர் நப்லா, வேறு ஆட்களைத் தேடியிருக்க வேண்டும், இந்த அனுமதியை நம்பியிருக்கக்கூடாது என்று றம்லாவிடம் சொல்லி அழுதார். றம்லாதான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு இருந்தார்.

கலீல் பிடித்துப் பிடித்து நடக்கத் தொடங்கிய பிறகு அமைச்சருக்கு நேரம் கிடைத்தது. சின்னராசா பணியகத்துக்குப் போனார்.

“சேர், இனித் தேவையில்லை. கலீலுக்கு இப்ப குடல் இல்லை. எனக்கு அந்தப் பற்றீரியா இல்லை.”

பணிப்பாளர் அனுமதிப் பத்திரத்தைத் திருப்பித் திருப்பிப் படித்தார். “இதில, பெறுகிறவருக்குக் குடல் இருக்க வேணும் எண்டு ஒரு நிபந்தனையும் இல்லையே. குடுக்கிறவரிட்ட இருக்க வேணும் எண்டும் இல்லை. பிறகென்ன?”

“பிறகு எதுக்கு சேர்?”

“அழைப்பிதழ் அடிச்சாச்சு.” அவர் குரலைத் தாழ்த்தினார். “நீங்கள் ரெண்டு பேரும் மேடைக்கு வந்தால், அந்த டொக்டர் பிள்ளையிட வழக்கை நாங்கள் கைவிடலாம். வராட்டி, எனக்கு ஒண்டும் செய்ய ஏலாது. வழக்கு வேற பிரிவு.”

சின்னராசா இதைக் கலீலிடம் சொன்னார். கலீல், “அந்தப் புள்ளைக்காகப் போவம்” என்றார்.

விழா பணியகத்தின் முற்றத்தில் நடந்தது. பாடசாலைப் பிள்ளைகள் பற்றீரியா வேசம் போட்டு நடனம் ஆடினார்கள். மங்கள விளக்கேற்றி, நான்கு மதத் தலைவர்களும் ஆசீர்வதித்து, நாடா வெட்டப்பட்டது. ஆழ்குளிர்ப் பெட்டிக்குள் ஒன்றும் இருக்கவில்லை. மின்சாரம் இணைக்கப்படாததால் குளிரும் இருக்கவில்லை. அமைச்சர் உள்ளே எட்டிப் பார்த்து, நல்ல இடவசதி என்று பாராட்டினார். சின்னராசா இரண்டு கால்களையும் இறுக்கிக்கொண்டு, கழிப்பறை எந்தப் பக்கம் என்று பார்த்தபடி மேடையில் நின்றார்.

பிறகு வெள்ளித் தட்டில் ஒரு குடுவை வந்தது. அதற்குள் மண்ணிறத் திரவம் பளபளத்தது. தட்டைப் பிடித்துக்கொண்டு வந்தவன் நுஸ்கி. கடந்துபோகையில் வாயை அசைக்காமல் சொன்னான்: “பிளேன்டீ அண்ண. என்னைக் கொண்டுதான் ஊத்துவிச்சாங்க.”

பணிப்பாளர் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

“இந்தத் தேசத்தின் ஒரு சிறிய உயிரை நாங்கள் கண்டெடுத்தோம். காவல் வைத்தோம். பெயர் சூட்டினோம். யாரும் தொட்டுவிடாமல் கடைசிவரை பாதுகாத்தோம். இன்று இந்தப் பணியகத்தின் முயற்சியால் ஒரு குடல் காப்பாற்றப்பட்டிருக்கிறது.”

கைதட்டல் எழுந்தது. அமைச்சர் குடுவையைக் கலீலின் கையில் கொடுத்துப் புகைப்படக்காரர்களைப் பார்த்துச் சிரித்தார். கலீல் குடுவையைச் சின்னராசாவிடம் நீட்டினார். பின் நிதானமாக, தன் சேட்டின் கீழ்ப் பொத்தான்களைக் கழற்றி, துணியை இரண்டு பக்கமும் விலக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். வயிற்றில் நீளமாகத் தையல் தழும்பு. அதற்குப் பக்கத்தில் பை. அது பாதி நிரம்பியிருந்தது.

கமராக்கள் ஒருகணம் நின்றன. அமைச்சர் குனிந்து பார்த்து, “இது என்ன?” என்று கேட்டார்.

“எங்கட புதிய சேமிப்பு முறை, சேர்” என்றார் பணிப்பாளர்.

“மிக்க நல்லது” என்றார் அமைச்சர். கைதட்டல் முன்னையதிலும் பலமாக எழுந்தது. பின்வரிசைகளில் எழுந்து நின்றும் தட்டினார்கள். பற்றீரியா வேசம் போட்ட பிள்ளைகளும் தட்டினார்கள்.

கலீல் பொத்தான்களைத் தடவித் தேடினார். சேட்டை மூட அவரால் முடியவில்லை. சின்னராசா குடுவையை மேடையில் தரையோடு வைத்துவிட்டு வந்து, ஒவ்வொரு பொத்தானாகப் போட்டுவிட்டார். பை நசுங்காமல் துணியை இழுத்துவிட்டார். தோளைப் பிடித்து அவரைப் படிப் பக்கம் கூட்டிவந்தார். பின்னால் தட்டுதல் இன்னும் ஓயவில்லை.

“ஆருக்கு மச்சான் தட்டுறாங்க?” என்று கலீல் கேட்டார்.

“தெரியாது. கீழ பாத்து இறங்கு” என்றார் சின்னராசா.